முட்டுக்கட்டை போடுகிறவர்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியாளரும் காலக்கெடுவும்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். நான் போன் போட்டு, "அண்ணே, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தத் தலைப்புல பேசினா முன்வரிசையே தூங்கிடும்ணே" என்றேன். "அப்ப தூங்க முடியாத மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். தூங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் ரோலர் கோஸ்டர். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். தலைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவலூர்பேட்டையிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து படித்தவர்கள் நாம். தாமதம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1690-ல் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டது. பிடித்தது 1698-ல். நம் ஊர்ப் பக்கம் நடந்த முதல் பெரிய "ப்ராஜெக்ட் டிலே" அதுதான் என்று எங்கள் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். நாம் இன்னும் பஸ்ஸில்தான் போகிறோம்.

இதனால் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வேலை தாமதமானாலும் "எவனோ முட்டுக்கட்டை போட்டுட்டான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வார்த்தையைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போனவர்களுக்கு இள்ளலூர் என்ற ஊர் தெரிந்திருக்கும். அங்கே சுமார் 64 ஏக்கரில் வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பர் 2-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. செலவு சுமார் 611 கோடி ரூபாய். அதில் "தஞ்சோரா" என்று ஒரு ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மாபிலார்ட் கம்பெனியின் தயாரிப்பு. சாதாரண ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் கீழே, வண்டி மேலே. இதில் தண்டவாளம் மேலே, வண்டி கீழே தொங்கும். உட்கார்ந்தவரின் கால் அந்தரத்தில் ஆடும். இந்த வகையை அந்தக் கம்பெனி முதன்முதலில் 1992-ல் அமெரிக்காவில் ஓட்டியது.

இதே நிறுவனம் கொச்சியில் 2000-லும், பெங்களூரில் 2005-லும், ஐதராபாத்தில் 2016-லும், புவனேசுவரத்தில் 2024-லும் பூங்கா திறந்தது. சென்னைப் பூங்காவைப் பற்றிய பேச்சு 2010-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. பேச்சுத் தொடங்கிப் பத்தாண்டு கழித்துத்தான் கதவு திறந்தது. பின்னால் வந்த புவனேசுவரம் முந்திக்கொண்டது. ஏன்?

நான் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவன் அல்ல. அஸ்திவாரமும் இரும்புக் கட்டுமானமும் என் தொழில். ஆனால் இது பத்திரிகைகளில் எல்லோரும் படித்த செய்திதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 28 சதவீதம் வரி. 2018 ஜனவரியில் அதை 18 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் மாநிலத்தில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 10 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் நுழைவுச் சீட்டு விலை கட்டுப்படியாகாது என்று நிறுவனம் வேலையைத் தொடங்காமல் நிறுத்தி வைத்தது. உள்ளாட்சி வரியிலிருந்து 10 ஆண்டுகளுக்கு விலக்குக் கிடைத்த பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஊராட்சிக்கு வருமானம் வேண்டாமா? சாலையும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் யார் காசில் ஓடும்? அதுவும் நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்டுகளில் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக உறுதியாகவில்லை. ஒரு போல்ட்கூடக் கூடுதலாக முறுக்கப்படவில்லை. நிலம் சும்மா கிடந்தது, விலைவாசி ஏறியது, வேலை கிடைக்கும் என்று காத்திருந்த பக்கத்து ஊர்ப் பையன்கள் வேறு ஊருக்குப் போனார்கள். இதை நான் மேசைத் தாமதம் என்பேன். மேசையில் பிறந்து மேசையிலேயே தீரவேண்டிய தாமதம். இதை எவ்வளவு குறைத்தாலும் நல்லது.

இன்னொரு வகை உண்டு. அது மண்ணிலும் இரும்பிலும் பிறக்கிற தாமதம். ஒரு ரோலர் கோஸ்டர் எழும்புகிற கதையைச் சொன்னால் அது புரியும்.

முதலில் அஸ்திவாரம். ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட்டுக்குள் ஆங்கர் போல்ட் புதைக்க வேண்டும். தூணின் அடித்தகடு வேறு தேசத்தில் துளை போடப்பட்டுக் கப்பலில் வருகிறது. இங்கே நம் மேஸ்திரி வைத்த போல்ட் அந்தத் துளைக்குள் நேராக இறங்க வேண்டும். கணக்கு மில்லிமீட்டரில். கான்கிரீட் தனக்குக் குறித்த பலத்தைக் காட்ட 28 நாள் என்று நாம் ஐ.எஸ். 456-ல் படித்திருக்கிறோம். முதலாளி அவசரப்படுகிறார் என்பதற்காக சிமெண்ட் அவசரப்படாது. அதிலும் செங்கல்பட்டுக் கடலோரப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் தண்ணீர்தான் வரும். மழை நிற்கும் வரை பம்ப் ஓட வேண்டும், அல்லது நாம் காத்திருக்க வேண்டும்.

அடுத்து தண்டவாளம். வீட்டுச் சுவரில் அரை அங்குலம் பிசகினால் பூச்சில் சரிக்கட்டி விடலாம். இதில் பூச்சே கிடையாது. ஒவ்வொரு துண்டும் ஒரே ஓர் இடத்துக்காக வளைக்கப்பட்டது. நாலாவது துண்டு கண்டெய்னரில் தங்கிவிட்டால் ஐந்தாவதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. சுற்று முடிகிற இடத்தில் கடைசித் துண்டு உட்காருகிறதே, அதுதான் பரீட்சை. அதுவரை செய்த சிறுசிறு பிசகுகள் எல்லாம் கூடி அங்கே வந்து நிற்கும். எல்லாத் தூணும் சரியாக இருந்தால்தான் கடைசி போல்ட் கையாலேயே இறங்கும்.

அதற்குப் பிறகு சோதனை ஓட்டம். மாணவர்களுக்கு இதில் ஒரு சின்னக் கணக்கு. வண்டியைச் சங்கிலி போட்டு மேலே இழுத்துவிட்டால், பிறகு ஓட்டுவது புவியீர்ப்புதான். உயரத்தை இரண்டாலும் 9.81-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர். வண்டியில் நாலு பேரோ முப்பது பேரோ, எடை இரண்டு பக்கமும் வெட்டிப்போகும். பரீட்சைக்கு இது போதும். ஆனால் நிஜ வண்டிக்கு உராய்வு உண்டு, காற்று உண்டு. புதுச் சக்கரம், புதுப் பேரிங் இறுக்கமாக ஓடும். குளிர்ந்த காலையில் மெதுவாகவும், வெயில் ஏறியபின் வேகமாகவும் ஓடும். வேகம் குறைந்தால் அடுத்த மேட்டை ஏறாமல் இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளத்தில் நின்றுவிடும். அதனால்தான் மனிதர் உட்காருமுன் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளையும் எடைகளையும் ஏற்றி, திரும்பத் திரும்ப, வெறும் வண்டி, பாதி வண்டி, முழு வண்டி என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர், "அதான் ஓடுதே, இன்னும் ஏன் திறக்கல?" என்று கேட்பார். ஓடுவது வேறு, தினமும் ஒரே மாதிரி ஓடும் என்று கையெழுத்துப் போடுவது வேறு.

இந்தத் தாமதத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? நம் மாநிலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2016 மே மாதம் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில் புதிதாக வந்த ராட்டினம் ஒன்றைச் சோதனை ஓட்டம் விட்டபோது அது முறிந்து, அதில் ஏறியிருந்த ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். சோதனை என்பதே தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான். தெரியாத கட்டத்தில் மூட்டை ஏறலாம், மனிதர் ஏறக்கூடாது.

கடல் கடந்து ஓர் உதாரணம். இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் "ஸ்மைலர்" என்ற ரோலர் கோஸ்டர். 14 இடத்தில் தலைகீழாகும். 2013 வசந்தத்தில் திறப்பதாக இருந்து, தள்ளித்தள்ளி மே 31-ல் திறந்தார்கள். இரண்டு ஆண்டு ஓடியது. 2015 ஜூன் 2-ஆம் தேதி ஒரு காலி வண்டி பாதி வழியில் பள்ளத்தில் நின்றுவிட்டது. ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தை, ரயில் பாதையைப் போலவே பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முன்பகுதியில் வண்டி இருந்தால் பின்வண்டியைக் கம்ப்யூட்டர் விடாது. அன்றும் விடவில்லை, நிறுத்தியது. ஆனால் அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் முன்னால் வண்டி நிற்பதை அறியாமல், கம்ப்யூட்டர்தான் தப்பு என்று நினைத்து, அதை மீறி வண்டியை விட்டார்கள். ஆட்கள் நிறைந்த வண்டி காலி வண்டியில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஒரு காலை இழந்தார்கள். 2016-ல் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். இயந்திரம் "நில்" என்றது, மனிதர் "போ" என்றார். அவ்வளவுதான் கதை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோவில் சீடார் பாயிண்ட் என்ற பழம்பெரும் பூங்கா. அங்கே "டாப் த்ரில் 2" என்பதை 2024 மே 4-ல் திறந்தார்கள். எட்டே நாளில், வண்டிகளில் மாற்றம் செய்ய வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த சீசன் முழுவதும் ஓட்டவில்லை. பத்திரிகையில் கேலி, டிக்கெட் வாங்கியவர்களின் கோபம் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2025-ல்தான் மறுபடியும் ஓட்டினார்கள். சவூதி அரேபியாவில் "ஃபால்கன்ஸ் ஃப்ளைட்" என்று ஒன்று. 2019-ல் அறிவித்தார்கள், 2025 டிசம்பர் 31-ல்தான் திறந்தது. உயரம் 195 மீட்டர், வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். நம் ராஜகிரி உச்சி அடிவாரத்திலிருந்து சுமார் 800 அடி. அதில் முக்கால் பங்குக்கு மேல் உயரம். அதன் மேலிருந்து குடும்பத்தோடு சரேலென்று இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் முடிங்கப்பா" என்று சொல்வீர்களா, "நல்லா பாத்து முடிங்கப்பா" என்று சொல்வீர்களா?

தேசம் எதுவானாலும், பூங்கா எதுவானாலும், கடைசியில் இது ஒரு தனி மனிதரின் கையில் வந்து நிற்கிறது. அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் கடலோரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இரும்புக் கோபுரம் நிறுத்தும் வேலையில் இருந்தேன். கோபுரத்தின் ஒரு காலில் நான்கு போல்ட்டில் ஒன்று துளையோடு பொருந்தவில்லை. மேலிடத்தில் இருந்தவர், "கேஸ் கட்டர் வெச்சு துளையை பெருசு பண்ணி இறக்கிடுங்க, நாளைக்கு கிரேன் திரும்பிப் போகணும்" என்றார். எங்கள் ஃபோர்மேன் திண்டிவனம் பக்கத்துக்காரர். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டிசைன் பண்ணவர் எழுதிக் குடுத்தா வெட்டறேன் சார். வாய்ல சொன்னா வெட்ட மாட்டேன்" என்றார். கத்தினார்கள். அவர் பதில் பேசவில்லை, கட்டரையும் எடுக்கவில்லை. வடிவமைப்பாளருக்குத் தகவல் போய், அவர் மாற்றுத் தகடு வரைந்து அனுப்பி, அது செய்து வந்து மாட்ட 11 நாள் ஆனது. கிரேன் வாடகை ஏறியது. அந்த மாதம் ஃபோர்மேனுக்கு ஓவர்டைம் காசு கிடைக்கவில்லை. பிறகு இரண்டு புயல் அந்தக் கரையைக் கடந்தது. கோபுரம் நிற்கிறது. யாரும் அவருக்கு மாலை போடவில்லை, பத்திரிகையிலும் பெயர் வரவில்லை. நடக்காத விபத்துக்குச் செய்தி கிடையாது.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். நாம் எல்லோரும் தேர் இழுத்தவர்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம், ஊரே "இழு, இழு" என்று கத்தலாம். ஆனால் சக்கரத்தோடு சக்கரமாக, கையில் கட்டையோடு குனிந்தபடியே நடந்து வருகிறாரே ஒருவர், அவரைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர். திருப்பத்தில் தேரைத் திருப்புவது அவர். சரிவில் தேரை நிறுத்துவது அவர். அவருடைய கட்டை சரியான நொடியில் விழாவிட்டால் தேர் சாமியையும் பார்க்காது, மனிதரையும் பார்க்காது. பேச்சு வழக்கில் அது ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. தேரோட்டத்தில் அதுதான் உயிர்க்காவல். மேசையில் போடுகிற முட்டுக்கட்டை வேறு, சக்கரத்தின் கீழே போடுகிற முட்டுக்கட்டை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் ஆபத்து.

"அப்படியானால் காலக்கெடுவே வேண்டாமா?" என்று மாணவர்கள் கேட்கலாம். கண்டிப்பாக வேண்டும். தாமதத்தால் நஷ்டப்படுபவர் முதலாளி மட்டுமல்ல, தினக்கூலிக்காரரும்தான். அதற்கும் நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாசித் தேரை ஆண்டுதோறும் புதிதாகவே செய்கிறார்கள். திருவிழா நாளை யாரும் தள்ளிவைக்க முடியாது. அதற்காக அச்சாணியை அரைகுறையாக அடிப்பதில்லை. முன்கூட்டியே மரம் வெட்டுகிறார்கள், வேலையை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். முடிவுத் தேதியை நெருக்க முடியாவிட்டால் தொடக்கத் தேதியை முன்னே கொண்டுபோ. இதைத்தான் நாம் லட்சம் ரூபாய் சாஃப்ட்வேர் வைத்துச் செய்கிறோம். மேசையில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு நாளும் களத்தில் சோதனைக்குக் கிடைக்கும். மேசையில் தின்றுவிட்ட நாட்களைச் சோதனையிலிருந்து பிடுங்குவதுதான் நம் நாட்டில் அதிகம் நடக்கிறது.

இன்னும் சில வருடங்களில் நீங்கள் ஏதோ ஒரு சைட்டில் நிற்பீர்கள். ரோலர் கோஸ்டராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தின் மேல்நிலைத் தொட்டியாக இருக்கலாம், திருவிழா ராட்டினத்துக்குச் சான்றிதழாக இருக்கலாம். ஒரு சாயங்காலம் யாரோ வந்து, "தம்பி, சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார். அன்றைக்கு உதவும்படி மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். ஒன்று, தினமும் சைட் டைரி எழுதுங்கள். எந்தக் கான்கிரீட்டை எந்தத் தேதியில் ஊற்றியது, கியூப் பரிசோதனையில் என்ன வந்தது என்று அன்றன்றே எழுதுங்கள். இரண்டு, "முடியாது" என்று வாயால் சண்டை போடாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அந்த ஃபோர்மேன் செய்தது அதுதான். எழுத்தில் கேட்டவுடன் பாதி அவசரம் தானாகவே தீர்ந்துவிடும். மூன்று, மேசை வேலையில் ஒருநாள்கூடத் தூங்காதீர்கள். வரைபடம், அனுமதி, கொள்முதல் ஆணை எதுவும் உங்களால் ஒருநாள் தாமதம் என்று இருக்கக்கூடாது. அங்கே வேகமாக இருப்பவன் களத்தில் "நில்லுங்க" என்று சொன்னால் கேட்பார்கள். எல்லா இடத்திலும் மெதுவாக இருப்பவன் சொன்னால் சோம்பேறி என்பார்கள்.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களில் பலர் இன்று அதிகாரிகளாகவும், ஒப்பந்தக்காரர்களாகவும், நிறுவனம் நடத்துபவர்களாகவும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பையனோ பெண்ணோ வந்து, "சார், இதை இன்னைக்கு ஓட்ட வேண்டாம்" என்று சொன்னால், கத்துவதற்கு முன் "ஏம்ப்பா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்தான் ஆகும். அந்தப் பிள்ளையும் நம் கல்லூரியில் படித்த பிள்ளையாக இருக்கலாம்.